முதல் விலைக்கே படிந்த சமாதானம்

ஜெயக்கொடி தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னது, போவதற்காகத்தான்.

விருதுநகர் பஜாரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கலாம். வத்தல் மண்டிக்கு ஒருவர் வருகிறார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மிளகாயை எடுத்து ஒடித்து, மோந்து பார்த்து, "இது என்ன, போன வருசத்துச் சரக்கா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார். அவருக்குச் சரக்கு பிடித்துவிட்டது. "வேண்டாம்யா, வேற கடை பாத்துக்கிறேன்" என்று படியிறங்கி மெள்ள நடக்கிறார். வாங்கப்போகிறார். நாலு எட்டு வைத்ததும் கடைக்காரர் கூப்பிட வேண்டும், அவர் காதில் விழாத மாதிரி இன்னும் ரெண்டு எட்டு போக வேண்டும். அதுதான் முறை. நிஜமாகவே வேண்டாதவர் இதெல்லாம் செய்யமாட்டார். "நல்ல சரக்குண்ணே" என்று சிரித்த முகத்தோடு பாராட்டிவிட்டுப் போய்விடுவார். அப்படிப் பாராட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்ததாகப் பஜார் சரித்திரத்தில் இல்லை.

இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் ஜெயக்கொடி மண்டியும் நடத்தினார், குடும்பமும் நடத்தினார். எதற்கும் முதலில் சொல்வது விலை கிடையாது. கோபத்துக்கும் அப்படித்தான்.

போகியன்று காலையில், தாத்தா கடையின் பெயரில் ஓடும் 'எண்ணெய்க்கடை வாரிசுகள்' குடும்பக் குரூப்பில் கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த தங்கை சுயம்புக்கனி போட்டிருந்தாள். மகள் அகல்யாவுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம். பத்திரிகையில் மயில் ஒன்று தோகை விரித்து ஆடியது. விரலால் தொட்டால் அகவியது. எல்லாம் சரி. ஆனால் தாய்மாமனுக்குப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, நேரில் வந்து, கையில் கொடுக்க வேண்டாமா? கூடப்பிறந்த அண்ணனும், எந்த ஊரிலோ இருக்கும் மூணாம் பங்காளியும் ஒரே நேரத்தில் ஒரே மயிலைப் பார்ப்பதா?

ஜெயக்கொடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டினார்:

"எனக்கு மண்டியில ஜோலி கெடக்கு. அதான் நெறய ஆளு இருக்கீங்கள்ல, நீங்களே கல்யாணத்த நடத்திக்கிருங்க. தாய்மாமன்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்லிக்கிருங்க, போதும்."

நியாயமான முதல் விலைதான். இனி நடக்க வேண்டியது அவருக்கு மனப்பாடம். தங்கை போன் போட்டு அழுவாள். எடுக்கக்கூடாது. தங்கை புருஷன் தர்மர் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். அவரிடம் வெயில், மழை, வத்தல் வரத்து எல்லாம் பேசிவிட்டு, கல்யாணத்தை மட்டும் பேசக்கூடாது. காணும் பொங்கலுக்குத் தங்கையே தாம்பாளத்தோடு வருவாள். "ஏதோ பிள்ளை முகத்துக்காக" என்று இறங்கிவர வேண்டியது. முகூர்த்தத்தன்று முதல் வரிசை.

அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் பார்த்தார். குரூப்பில் அவர் பெயருக்கு நேரே இப்படி இருந்தது:

"தவிர்க்க இயலாத பணிகளால் திருமணத்திற்கு நேரில் வர இயலாமைக்கு மிகவும் வருந்துகிறேன். தாய்மாமன் என்ற முறையில் மணமக்களுக்கு என் மனமார்ந்த ஆசிகள். அன்புடன், ஜெயக்கொடி."

அவர் எழுதியது அதன் கீழே எறும்பு அளவு எழுத்தில், அவர் கண்ணுக்கு மட்டும், சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் 'மாற்றப்பட்டது' என்று ஒரு குறிப்பு.

அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கையின் பதிலும் வந்துவிட்டது. "உங்க நிலைமை புரியுது அண்ணே. உங்க ஆசி ஒண்ணே எங்களுக்குப் போதும். உடம்பைப் பாத்துக்கோங்க."

அதற்குக் கீழே சொந்தபந்தம் எல்லாம் வரிசையாகக் கைகூப்பியது.

நல்ல சரக்குண்ணே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளே.

"ஏ சரசு, இங்க வா. எம்போன்ல பேய் பூந்துருச்சு."

மனைவி சரசு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. "பேய் இல்ல, இங்கிதம்."

"அது என்ன எழவு?"

"போன வருசம் பூரா நியூஸ்ல அதத்தான சொன்னாங்க? லீவு விட்டா போதும், சனம் பூரா குடும்பக் குரூப்ல ஏறி ஒண்ண ஒண்ணு கடிச்சுக் கொதறுது. தீபாவளிக்கு ஆரம்பிச்ச சண்ட பொங்கலுக்குக் கோர்ட்ல நிக்குது. அதுக்காகச் சட்டமே போட்டாச்சு. பண்டிகைக் காலத்துல குடும்பக் குரூப் எல்லாத்துலயும் இங்கிதம் ஓடணும். நம்ம என்ன எழுதினாலும் அது மரியாதையா மாத்தி அனுப்பும்."

"எவன்ட்ட கேட்டு?"

"உங்ககிட்டத்தான். போன் வாங்கின அன்னைக்குச் 'சம்மதம்'னு அமுக்கினீங்களே. படிச்சுப் பாருங்கன்னு நான் சொன்னேன். 'எல்லாம் ஒரே எழவுதான்'னு நீங்க சொன்னீங்க."

"எதுவரைக்கும் இது?"

"தைப்பூசம் வரைக்கும்."

கல்யாணம் தைப்பூசத்துக்கு முந்தி.

ஜெயக்கொடி யோசித்தார். பேரம் படியவில்லை என்றால் படியிறங்கி நடப்பதுதான் அடுத்த அஸ்திரம். குரூப்பை விட்டு வெளியேறினால் தங்கை பதறிக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? 'வெளியேறு' என்பதை அமுக்கினார். போன் பணிவாகக் கேட்டது: பண்டிகைக் காலத்தில் வெளியேறுவது பிறர் மனத்தைப் புண்படுத்தக்கூடும், எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் வேண்டும், கேட்டுப் பார்க்கட்டுமா? கேளு என்று அமுக்கினார். குரூப்பில் போய் விழுந்தது: "ஜெயக்கொடி அவர்கள் சற்று ஓய்வெடுக்க விரும்புகிறார்."

பொழுது சாய்வதற்குள் பாதிச் சொந்தம் நலம் விசாரித்துவிட்டது. மூணாம் பங்காளி கஷாயத்துக்குப் பக்குவம் எழுதியிருந்தார். ஒருவர் பிரார்த்தனையே செய்துவிட்டார்.

சரி, பேசாமல் இருப்போம் என்று இருந்தார். கடையில் வாய்மூடி உட்கார்ந்திருப்பதும் ஒரு விலைதான். பொங்கல் அன்று காலை அவர் பெயரில், அவர் தொடாமலே, ஒரு வாழ்த்து போயிருந்தது. பொங்கும் பானை, கரும்பு, "உறவுகள் இனிக்கட்டும்." கீழே சாம்பல் எழுத்தில் விளக்கம்: 'தங்கள் நீண்ட மௌனம் வருத்தமாகக் கருதப்படலாம் என்பதால் தங்கள் சார்பில் அனுப்பப்பட்டது.'

"கோவமா இருக்கேன்னு சொல்லக்கூட ஒரு வழி இல்லையாடி இந்த நாட்டுல?" என்றார் சரசுவிடம்.

"நான் கனிக்குப் போன் போட்டு என் வாயாலயே சொன்னேங்க, 'உங்கண்ணன் கொதிச்சுப்போய்க் கெடக்காரு'ன்னு. 'அண்ணன் நெகிழ்ந்துபோயிட்டாங்களா, சந்தோசம் மதினி'ங்கிறா."

"போன்லயும் இருக்கா அது?"

"குரல் நம்ம குரல்தான். சொல்லுதான் மாறிப்போகுது."

அவர் நம்பவில்லை. தானே போட்டார். தங்கை எடுத்ததும், மூச்சுவிடாமல் திட்டினார். மறுமுனையில் சுயம்புக்கனியின் குரல், அவளுடைய அச்சு அசல் குரல், "நல்லது அண்ணே, ரொம்ப நன்றி" என்றது. கூடப்பிறந்தவள் இத்தனை வருடத்தில் அவரிடம் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. இந்தப் பக்கம் இருப்பதும் தான் இல்லை, அந்தப் பக்கம் இருப்பதும் அவள் இல்லை. இரண்டு அந்நியர்கள் அண்ணன் தங்கை குரலைக் கடன் வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருப்பதை ஒட்டுக் கேட்பதுபோல் இருந்தது. போனை வைத்துவிட்டார்.

அன்று மாலைதான் பெரிய அடி விழுந்தது. சுயம்புக்கனி குரூப்பில் எழுதியிருந்தாள்: "அண்ணன் வரமுடியாததால, சித்தப்பா மகன் முரளி தாய்மாமன் இடத்துல நின்னு அகல்யாவை மணவறைக்குக் கூட்டிட்டு வரட்டும். அண்ணன் சம்மதம் வேணும்."

முரளி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். சாம்பாரில் குறைந்த உப்பைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாதவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அகல்யா நடந்து வருவதா? காதுகுத்துக்குத் தன் மடியில் உட்கார்ந்து, தன் சட்டையெல்லாம் மூக்கைச் சிந்திவைத்த பிள்ளை. ஜெயக்கொடி விரல் வலிக்க எழுதினார். முரளியின் மூக்கு, முரளியின் அப்பா விற்ற கலப்பட நல்லெண்ணெய், தங்கையின் நன்றி கெட்டதனம் ஒன்றையும் விடவில்லை. அனுப்பினார்.

"தம்பி முரளி அந்த இடத்தில் நிற்பது எனக்குப் பெருமை. மனமார்ந்த சம்மதம்."

கைகூப்பல்கள். பூக்கள். "பெரிய மனசு அண்ணாச்சிக்கு" என்று ஒருவர்.

அவர் போனை வத்தல் மூட்டைமேல் எறிந்தார். அது சேதமில்லாமல் விழுந்து, "தாங்கள் நலமா?" என்று கேட்டது.

மாட்டுப் பொங்கல் காலையில், கோபத்தில் அனுப்பாமல் வைத்திருந்த பொங்கல் சீரை ஓட்டுநர் இல்லாத வாடகைக் காரில் ஏற்றினார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, கால்நீட்ட இடமில்லாமல் கரும்புக்கட்டு. சீர் கொடுக்க அண்ணன் போவதற்கு எந்தச் சட்டமும் மரியாதை கற்றுத்தர வேண்டியதில்லை. வாசலில் இறக்கிவைத்துவிட்டு, நேருக்கு நேர், பச்சையாக, இடையில் எந்த இங்கிதமும் இல்லாமல் ஒரு சண்டை. அது போதும். சரசு கூடவே ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் கார் "குளிர் போதுமா ஐயா" என்று கேட்டுக்கொண்டே வந்தது. அவர் அதைத் திட்டிப் பழகிக்கொண்டே போனார்.

தூத்துக்குடி வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே கோயம்புத்தூர் சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும், பொங்கலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிலேயே ஏலக்காய் போட்டவர்கள். வந்தது யாரென்று தர்மர் சொன்னதும் இருவரும் எழுந்தே விட்டார்கள்.

"ஜெயக்கொடி ஐயாவுங்களா? உங்க தங்கச்சி அனுப்பிவெச்ச உங்க ஆசி மொழிய எங்க வீட்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினோமுங்க" என்றார் சம்பந்தி. "விட்டுக்குடுத்து இன்னொருத்தரப் பெருமையா நிக்கச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணுமுங்க. எங்க சொந்தத்துல அப்படி ஒருத்தர் இல்லீங்க."

ஜெயக்கொடி வாயைத் திறந்தார். தங்கை அவரைப் பார்த்தாள். மூட்டையில் கை வைத்தவனைக் கடைக்காரர் பார்க்கிற பார்வை. அவர் வாய் மூடிக்கொண்டது.

"அண்ணே, பானையை உள்ள வைக்கணும். வாங்க" என்று அடுப்படிக்கு நடந்தாள் சுயம்புக்கனி.

உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தித் தொடங்கினார். "கனி, நல்லாக் கேட்டுக்கோ. அது நான் எழுதினதே இல்ல. எல்லாம் அந்த மெஷினு..."

"தெரியும்."

"என்னது?"

"'இயலாமைக்கு வருந்துகிறேன்'னு எங்கண்ணன் எழுதுவானாக்கும்? உனக்கு 'இயலாமை' எப்படி எழுதணும்னே தெரியாது. பாத்த ஒடனே தெரியும்."

கோபம் வந்தால்தான் அவள் 'நீ' என்பாள். அவருக்கு ஒரு நிமிடம் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. "அப்புறம் ஏன் அப்படி ஒரு பதில்? ஓ, அதுவும் மெஷின் போட்டதா? நான் அதான் நெனச்சேன். என் தங்கச்சி அப்படி..."

சுயம்புக்கனி இடுப்பிலிருந்து போனை எடுத்து, தான் அனுப்பியதைக் காட்டினாள். 'உங்க ஆசி ஒண்ணே எங்களுக்குப் போதும்.' கீழே எறும்பு எழுத்து: 'மாற்றம் தேவைப்படவில்லை.' முரளியைப் பற்றி எழுதியது: 'மாற்றம் தேவைப்படவில்லை.' ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"நானே எழுதினேன். முதல் விலைக்கே குடுத்த, வாங்கிட்டேன்."

ஜெயக்கொடி வெண்கலப் பானையைக் கீழே வைத்தார். அது தேவைக்கு மேல் சத்தம் போட்டது.

"உனக்கே தெரியும் புள்ள, நான் வரமாட்டேன்னு சொன்னா..."

"வருவேன்னு அர்த்தம். தெரியாமலா? நம்ம அப்பாவுக்கு நானும்தான பொறந்தேன்." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு ஒனக்கு முன்வண்டி குடுக்கலைன்னு விடியவிடிய மண்டியில போய் உக்காந்த. அப்பா போய் கால்ல விழாத குறையாக் கூட்டிட்டு வந்தாக. இவ காதுகுத்துக்கு மடியில வச்சுக் காதுகுத்திட்டு, பந்தியில எல போட்ட எடம் சரியில்லைன்னு எந்திரிச்சு நடந்த. பிள்ளை அழுதது காதுக்காக இல்ல, நீ போறன்னு. வீடு பால்காய்ச்சுக்கு மூணு நாளு மூஞ்சியத் தூக்கிட்டு இருந்த. ஒவ்வொண்ணுக்கும் நாலு எட்டு நடப்ப, நான் பின்னால ஓடி வரணும். ஒனக்கு அது பேரம். எனக்கு அது அழுக. ஒரு விசேசத்துலயாவது அழாம நிக்கணும்னு நெனச்சேன். அதான் பத்திரிகைய நேர்ல கொண்டாரல. மெஷினுக்கு நான் நன்றிதான் சொல்லுவேன்."

அடுப்பில் பால் விளிம்புக்கு வந்தது. அவள் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து அடக்கினாள்.

"அப்ப நான் வரவேண்டாம்ங்கற."

"வேண்டாம்னு சொல்லல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "முரளி ராத்திரியோட ராத்திரியா வண்டி ஏறி விடியக்காலம் வந்தான். லீவு கெடைக்கல, இதெல்லாம் எனக்குப் பயமா இருக்குன்னு எழுதினானாம். 'பெருமையுடன் நிற்கிறேன்'னு வந்திருக்கு. இங்க வந்து உக்காந்து அழுதான், பாவம். அந்த எடம் காலியாத்தான் இருக்கு. ஆனா வெளிய உக்காந்திருக்கவுகளுக்கு, நீங்க அந்த எழுத்து எழுதின மனுசன். எனக்குப் பொறந்த வீட்டுப் பெரும அதுதான். வாயத் தொறந்தீங்கன்னா போச்சு."

'நீ' போய் 'நீங்க' திரும்பியிருந்தது. கோபம் ஆறி வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"ஊமையாவா வரச் சொல்ற?"

"அவ்வளவு கொடுமை பண்ணுவேனா? ஒரு கணக்குப் பேசிக்கிருவோம். மண்டபத்துல பேச எத்தன வார்த்த வேணும்?"

அதற்குள் சம்பந்தியம்மா அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணனும் தங்கச்சியும் என்ன ரகசியமுங்க?"

"ஒண்ணுமில்ல மதினி, அண்ணன் வெயில்ல வந்திருக்காக, கையெல்லாம் ஈரம்" என்றாள் சுயம்புக்கனி. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைப்பதுபோல் அவர் கைமேலும் தன் கைமேலும் போர்த்தினாள்.

அப்பா சந்தைத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். சுற்றி நூறு பேர் நின்றாலும், பேசுகிற இருவரைத் தவிர எவனுக்கும் விலை தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே உட்காரவைத்து, கடலைமிட்டாயை நடுவில் வைத்து, அந்த வித்தையை விளையாட்டாகப் பழக்கியிருந்தார்.

துண்டுக்கு அடியில் தங்கை அவருடைய சுண்டுவிரலை மட்டும் தொட்டாள். ஒரு வார்த்தை.

"பயணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"ரொம்பச் சௌகரியம்" என்று சொல்லிக்கொண்டே ஜெயக்கொடி அவள் கையை முழுசாக இறுக்கிப் பிடித்தார். ஐந்து.

அவள் கையை உருவப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவள் இரண்டு விரலைப் பிடித்தாள். அவர் நாலைப் பிடித்தார். அவள் நகத்தால் கிள்ளினாள். அப்பாவின் கணக்கில் கிள்ளு எண் இல்லை, கடைசி எச்சரிக்கை என்று பொருள். அவர் பெருமூச்சு விட்டு மூன்று விரலைப் பிடித்தார். அவள் அந்த மூன்றையும் சேர்த்து ஒரு தடவை அமுக்கினாள். படிந்துவிட்டது.

"பாசத்தப் பாருங்க" என்று சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வயசுலயும் கையப் புடிச்சுட்டு நிக்கறாங்க."

முகூர்த்த நாளில் முதல் வார்த்தை வாசலிலேயே போயிற்று. சம்பந்தி கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தபோது ஜெயக்கொடி "வாங்க" என்றார். அதைச் சொல்லாமல் இருக்கிற தாய்மாமன் உலகத்தில் கிடையாது.

மண்டப முகப்பில் பெயர் எழுதிய பலகை ஒன்று மினுங்கியது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் அதில் இருந்தது. தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னமும் 'திரு. முரளி'. மாற்ற மறந்திருந்தார்கள். ஜெயக்கொடியின் கால் தானாகத் திரும்பியது. இது வாசல், அது தெரு. நடந்துவிட்டால் கனி பின்னாலேயே ஓடி வருவாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், அழுதுகொண்டு. தர்மர் முகம் வெளுத்து நின்றார். "அத்தான், கவனிக்காம..."

"நல்லது" என்றார் ஜெயக்கொடி. இரண்டாவதும் போயிற்று.

மணமகள் அறையிலிருந்து அகல்யாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மாமா, எங்கிட்டயாவது பேசுங்களேன்" என்றாள் அவள் முன்னால் பார்த்துக்கொண்டே. "குரூப்ல 'அன்புச் செல்வி'ன்னு எழுதுறீங்க. படிச்சாலே பயமா இருக்கு. யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு."

அவரிடம் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. மணவறையில் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். முத்துப்போல ஒன்றை நாலு நாளாகத் தேடிப் பொறுக்கியும் வைத்திருந்தார்.

"கழுத" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காதுகுத்தில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளையாகச் சிரித்தாள். மணவறை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி மைக்கைப் பிடித்துக்கொண்டார். ஜெயக்கொடி பயந்தது நடந்தது. "நம்ம மாமா ஐயா எழுத்த நாம எல்லாரும் படிச்சிருக்கோமுங்க. அவர் வாயால ரெண்டு வார்த்த கேக்க ஆசைப்படறோமுங்க."

மைக் கைக்கு வந்துவிட்டது. மண்டபம் அடங்கியது. எத்தனையோ முகங்கள், எல்லாம் அந்த எழுத்துக்காரருக்காகக் காத்திருந்தன. ஜெயக்கொடிக்கு வேர்த்தது. பேரத்தில் சொன்ன சொல் சொன்னதுதான். மூன்று வார்த்தையும் செலவாகிப் பெட்டியில் சல்லி இல்லை. இன்னொருவனுடைய நல்ல பெயரைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு, கழற்றவும் முடியாமல், கைநீட்டவும் முடியாமல் அவர் நின்றார். மைக் மட்டும் அவருடைய மூச்சை ஊருக்கெல்லாம் கேட்கக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் பட்டுச்சேலை சரசரத்தது. சுயம்புக்கனி வந்து நின்றாள். அவர் தோளிலிருந்து நழுவிய துண்டைச் சரிசெய்வதுபோல எடுத்து, அவர் கையோடு சேர்த்துப் பிடித்தாள். துண்டுக்கு அடியில் அவருடைய சுண்டுவிரலை ஒரு தடவை அமுக்கினாள்.

கொசுறு.

ஜெயக்கொடி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"சாப்பிடுங்க" என்றார்.

மண்டபம் சிரித்து, கைதட்டிக்கொண்டே பந்திக்கு எழுந்தது. "எவ்வளவு பெரிய விசயத்த ஒரே சொல்லுல சொல்லிப்போட்டாருங்க" என்று சம்பந்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் புறப்பட்டு, காரில் சரசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் போன் மெல்ல அதிர்ந்தது. குரூப்பில் சுயம்புக்கனி: "எங்கள் அழைப்பை ஏற்று வந்து விழாவைச் சிறப்பித்த அன்பு அண்ணன் அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி."

ஜெயக்கொடி அதை இரண்டு தடவை படித்தார். காரின் குளிர் எலும்புக்குள் இறங்கியது. நல்ல சரக்குண்ணே. விசேசம் முடிந்தது, கணக்கும் தீர்ந்தது, இனி அவள் கூப்பிடவேமாட்டாள். அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள் எதற்காகத் திரும்பக் கூப்பிட வேண்டும்?

"புறப்படலாமா, ஐயா?" என்றது கார்.

காரின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சுயம்புக்கனி. கலைந்த தலையும் கசங்கிய பட்டுமாக, கையில் அவர்களுக்காகக் கட்டிய பலகாரத் தூக்கோடு நின்றாள். சரசு கண்ணாடியை இறக்கியதும், தூக்கை அவள் மடியில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. தன் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அந்த நன்றி அங்கேயும் இருந்தது. அதன் கீழே எறும்பு எழுத்தில்: 'மாற்றப்பட்டது.' அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், அவள் தட்டியது:

"எங்கண்ணன் வாயப் பொத்திக்கிட்டு நின்ன நிப்ப எல்லாரும் பாத்தீங்களா? உரிச்ச வத்தல் மாதிரி. இந்த லட்சணத்துல மைக்கு வேற. அடுத்த விசேசத்துக்கு மொத ஆளா வந்து தொலை."

ஜெயக்கொடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படித்தார்.

"புறப்படலாமா, ஐயா?"

"இரு, இன்னும் படிச்சு முடிக்கலை" என்றாள் சரசு காரிடம்.

"எத்தன தடவ? குடுங்க, சார்ஜ் போயிரும்" என்று சுயம்புக்கனி போனைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மெள்ள நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள்.

அவர் தன் பக்கத்துக் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"ஏ கனி."

காதில் விழாத மாதிரி அவள் இன்னும் ரெண்டு எட்டு போனாள்.